ஹாங்–ஓ–மாண்டல் பள்ளம் 93 விழுக்காடு: பின்னலை அளந்துவிட்டேன் என்று எழுதலாமா?

படிகம்810 (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஆறு மாதமாக ஒளியியல் மேசையோடு மல்லுக்கட்டியதில் நேற்றிரவு ஒருவழியாக ஹாங்–ஓ–மாண்டல் பள்ளம் கிடைத்தது; இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) ஒரு பிரிப்பியில் சந்திக்கும்போது எண்ணிக்கையில் விழும் பள்ளம் அது. அமைப்பு இதுதான். 405 நானோமீட்டர் டையோடு லேசர். அதன் தளவிளைவு (ஒளி அலை அதிரும் திசை) அரை அலைத் தகட்டால் 45 பாகைக்குத் திருப்பப்படுகிறது. அடுத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பி ஒட்டிய இரண்டு பி.பி.ஓ. படிகங்கள் (ஒரு லேசர் ஃபோட்டானை இரண்டாகப் பிளப்பவை), ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் தடிமன். வெளியே வரும் 810 நானோமீட்டர் ஃபோட்டான் இணைகள் இரண்டு கைகளாகப் பிரிந்து சென்று, பாதி ஒளியை ஊடுருவவிட்டுப் பாதியை எதிரொளிக்கும் ஒரு கற்றைப் பிரிப்பியில் மீண்டும் சந்திக்கின்றன. பிரிப்பியின் இரு வாசல்களிலும் டிடெக்டர், ஒவ்வொன்றின் முன்னும் 10 நானோமீட்டர் அகல வடிகட்டி.

ஒரு கையின் நீளத்தை ஐந்தைந்து மைக்ரோமீட்டராக நகர்த்திக்கொண்டே போனேன். நொடிக்கு 840 ஆக நின்ற உடனிகழ்வு எண்ணிக்கை (இரண்டு டிடெக்டர்களும் ஒரே நேரத்தில் ஒலிப்பது) சரசரவென்று இறங்கி 59க்கு வந்து, மறுபடி 840க்கு ஏறியது. பள்ளத்தின் தெளிவு, அதாவது 840இல் இறங்கிய பங்கு, 93 விழுக்காடு. கட்டுரையில் 'பின்னலின் அளவு 0.93' என்று எழுதினேன் (பின்னல்: இரண்டு ஃபோட்டான்களின் நிலையைத் தனித்தனியாக எழுத முடியாதபடி அவை பிணைந்திருப்பது). என் வழிகாட்டி அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் 'இல்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஏன் இல்லை?

அரைஅலை

வழிகாட்டி அடித்தது சரி. காரணத்தையும் எழுதியிருக்கலாம்.

அந்தப் பள்ளம் எப்படி வருகிறது என்று பாருங்கள். இரண்டு டிடெக்டர்களும் ஒரே நேரத்தில் ஒலிக்க இரண்டே வழிகள்: இரண்டு ஃபோட்டான்களும் பிரிப்பியை ஊடுருவ வேண்டும், அல்லது இரண்டும் எதிரொளிக்க வேண்டும். ஒவ்வோர் எதிரொளிப்பும் அலையின் கட்டத்தை (ஏற்ற இறக்கச் சுற்றில் அது நிற்கும் இடத்தை) 90 பாகை நகர்த்துகிறது. இரண்டு எதிரொளிப்பு என்றால் 180 பாகை. ஆகவே முதல் வழியின் வீச்சு +½, இரண்டாவதன் வீச்சு −½. எந்த வழியில் நடந்தது என்று சொல்ல உலகில் ஒரு தடயமும் இல்லையென்றால் இரண்டும் கூடிச் சுழியாகின்றன. ஃபோட்டான்கள் ஒரே வாசலில் சேர்ந்து வெளியேறுகின்றன. இந்தக் கணக்கில் தேவைப்பட்டது இரண்டு ஃபோட்டான்களும் வேறுபடுத்த முடியாதபடி ஒத்திருப்பது மட்டுமே. பின்னல் எங்கே நுழைந்தது?

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. லேசருக்கு அடுத்துள்ள அரை அலைத் தகட்டைத் திருப்பி, ஒரே ஒரு படிகம் மட்டும் வேலை செய்யும்படி வையுங்கள். அப்போது எல்லா இணைகளும் கிடை–கிடை. தளவிளைவில் துளியும் பின்னல் இல்லை. பள்ளம் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

படிகம்810

செய்கிறேன். ஆனால் ஒரு மறுப்பு. சாதாரண அலைகளைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்தால் பள்ளம் 50 விழுக்காட்டைத் தாண்டாது என்று படித்திருக்கிறேன். என்னுடையது 93. அப்படியானால் இது குவாண்டம் விளைவு. குவாண்டம் என்றால் பின்னல் இருக்கத்தானே வேண்டும்?

பழைய ஆய்வகவாசி

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், தம்பி. பின்னல் உள்ள நிலை எல்லாம் குவாண்டம் நிலை. குவாண்டம் விளைவு காட்டுவதெல்லாம் பின்னல் ஆகாது. 50ஐத் தாண்டியதால் 'சாதாரண அலை' என்ற விளக்கம் செத்தது, அவ்வளவே. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு மூலங்களிலிருந்து தனித்தனி ஃபோட்டான்களைக் கொண்டுவந்து பிரிப்பியில் விட்டாலும், அவை ஒத்திருந்தால் பள்ளம் விழும். இப்படி எத்தனையோ ஆய்வகங்களில் செய்தாகிவிட்டது.

1987இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹாங், ஓ, மாண்டல் மூவரும் இதைச் செய்தபோது அவர்கள் நோக்கமும் வேறு. ஒரே நேரத்தில் பிறந்த இரு ஃபோட்டான்களுக்கு இடையிலான நேர இடைவெளியை, எந்த மின்னணுக் கருவியாலும் எட்ட முடியாத நுணுக்கத்தில், பிக்கோநொடிக்கும் கீழே அளப்பது. உங்கள் வடிகட்டிக்கு அதே கணக்கைப் போடுங்கள்: 810இன் வர்க்கத்தைப் பத்தால் வகுத்தால் ஏறக்குறைய 65 மைக்ரோமீட்டர் ஓரியல் நீளம் (அலையின் ஒழுங்கு குலையாமல் நீடிக்கும் தூரம்), நேரத்தில் 220 ஃபெம்டோநொடி அளவு. உங்கள் பள்ளத்தின் அகலம் அதைத்தான் சொல்கிறது. அது நேரத்தை அளக்கும் ஒரு நல்ல அளவுகோல். நீங்கள் அதைப் பின்னலுக்கு வைத்துப் பார்க்கிறீர்கள்.

எதிர்வாதி

இந்தப் பின்னலை வைத்து ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாமா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

அரைஅலை

முடியாது. ஒரு கையில் இருப்பவர் பார்க்கும் எண்ணிக்கை, மறுகையில் எதைத் திருப்பினாலும் மாறுவதில்லை. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்த பிறகுதான் தொடர்பு தெரியும். பட்டியல் வந்து சேர வழக்கமான கம்பியோ தபாலோ வேண்டும். இதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே வாருங்கள்.

படிகம்810

மூன்று நாள் கழித்து வருகிறேன்.

ஒரு படிகம் மட்டும் வேலை செய்யும்படி வைத்து மறுபடி அளந்தேன். பள்ளம் 92 விழுக்காடு. எண்ணிக்கை நடுவே தலைகுனிந்து ஏறும் அதே வடிவம், அதே அகலம். இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. வழிகாட்டியின் 'இல்லை'யின் பொருள் இப்போது புரிந்தது.

கற்றைப் பிரிப்பியை அகற்றிவிட்டு, ஒவ்வொரு கையிலும் ஒரு தளவிளைவாக்கி (ஒரு திசைத் தளவிளைவை மட்டும் கடக்கவிடுவது) வைத்தேன். லேசர் மீண்டும் 45 பாகையில். இரண்டு தளவிளைவாக்கிகளும் கிடையாக இருக்கும்போது உடனிகழ்வு உச்சம். ஒன்று கிடை, மற்றது நெடு என்றால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தெளிவு (இங்கே உச்சத்துக்கும் சிறுமத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டலால் வகுத்தது) 97 விழுக்காடு. மகிழ்ச்சியோடு இரண்டையும் 45 பாகைக்குத் திருப்பினேன். தெளிவு வெறும் 18! படிகம் பழுதாகிவிட்டதா?

இன்னொரு குழப்பம். ஒரு கையில் மட்டும் தளவிளைவாக்கியைச் சுற்றினால் அந்த டிடெக்டரின் எண்ணிக்கை அசையவே இல்லை. டிடெக்டரும் பழுதா? ('பின்னல்' என்பதைச் சிலர் 'சிக்கல்' என்று மொழிபெயர்க்கிறார்கள். என் மேசையைப் பார்த்தவர்கள்தான் அப்படிப் பெயர் வைத்திருக்க வேண்டும்.)

எண்ணிக்கைக்காரர்

விழுக்காடு வேண்டாம். எண்களைத் தாருங்கள்.

படிகம்810

கிடை–நெடு திசைகளில் உச்சம் நொடிக்கு 1,200, சிறுமம் 18. சாய்ந்த திசைகளில் 750, 520. ஒவ்வொன்றும் பத்து நொடி எண்ணிச் சராசரி எடுத்தது. தளவிளைவாக்கிகளோடு தனி எண்ணிக்கைகள் ஒரு கையில் 60,000, மறுகையில் 55,000. உடனிகழ்வுச் சாளரம், அதாவது இரண்டும் ஒரே நேரம் என்று கொள்ளும் இடைவெளி, 5 நானோநொடி.

எண்ணிக்கைக்காரர்

நன்றி. இப்போது சொல்கிறேன்: உங்களிடம் ஏற்கெனவே பின்னல் இருக்கிறது. 18 விழுக்காட்டோடேயே.

ஒரு திசையில் மட்டும் தொடர்பு இருப்பது ஒன்றுமில்லை. ஒரே நிறச் சீட்டுகளை இரண்டு உறைகளில் போட்டு இரண்டு பேருக்கு அனுப்பினாலும் ஒன்றைப் பிரித்ததும் மற்றது தெரிந்துவிடும். உங்கள் கிடை–நெடுத் தொடர்பு 97 விழுக்காடு என்பது அந்தச் சீட்டுக்கு மேல் எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் உறைக்குள் கிடை என்று முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்ட ஃபோட்டான், 45 பாகைத் தளவிளைவாக்கியிடம் போனால் காசைச் சுண்டியதுபோல் நடந்துகொள்ளும். ஒரு திசையில் உறுதி கூடினால் மற்றதில் குறைந்தே ஆக வேண்டும். ஆகவே பின்னல் இல்லாத எந்த நிலையிலும், எப்படிக் கலந்து வைத்தாலும், இந்த இரண்டு தெளிவுகளின் கூட்டல் 1ஐத் தாண்டாது.

உங்கள் கூட்டல் 0.97 + 0.18 = 1.15. பத்து நொடியில் 12,700 எண்ணியிருக்கிறீர்கள், 0.18இல் பிழை 0.01க்குள். 1ஐத் தாண்டியது தற்செயல் இல்லை. இன்னும் ஒருபடி மேலே போகலாம். கன்கரன்ஸ் என்ற அளவு பின்னல் இல்லாதபோது 0, முழுப் பின்னலில் 1. அந்தக் கூட்டலிலிருந்து 1ஐக் கழித்தால் வருவதே அதன் கீழ்வரம்பு, உங்களுக்கு 0.15. கட்டுரையில் நீங்கள் தேடிய எண் இந்த வகையைச் சேர்ந்தது.

அரைஅலை

எண்ணிக்கைக்காரர் சொன்னது கீழ்வரம்பு. உண்மையில் இருப்பது அதைவிட நிறைய அதிகம் என்று நினைக்கிறேன். படிகம் பழுதில்லை.

உங்கள் நிலை கிடை–கிடை, நெடு–நெடு என்ற இரண்டின் கூட்டு. அந்தக் கூட்டுக்கு நடுவே ஒரு கட்டம் இருக்கிறது. முதல் படிகத்தில் பிறந்த இணை இரண்டாவது படிகத்தைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். அந்தப் பயணத்தில் கட்டம் கண்டபடி சேர்ந்துவிடும். சாய்ந்த திசைகளில் நீங்கள் அளக்கும் தெளிவு அந்தக் கட்டத்தின் கொசைன் மடங்கு. கட்டம் 90 பாகையாக இருந்தால், முழுப் பின்னல் இருந்தும் 45 பாகைத் தளவிளைவாக்கிகளில் தெளிவு சுழி! பார்க்கும் திசைதான் தவறு. நிலையில் குறை இல்லை.

லேசர் பாதையில், படிகத்துக்கு முன்னால், ஒரு மெல்லிய குவார்ட்ஸ் தகட்டை நட்டு அதை மெதுவாகச் சாயுங்கள். அதன் அச்சு கிடையாகவோ நெடுவாகவோ இருக்கட்டும். தளவிளைவாக்கிகளைச் சாய்ந்த திசைகளில் வைத்துக்கொண்டு உடனிகழ்வைப் பாருங்கள். அது மேலும் கீழும் ஊசலாடினால் ஓரியல் இருக்கிறது, கட்டம்தான் இடம் மாறி உட்கார்ந்திருந்தது. எவ்வளவு சாய்த்தாலும் 635ஐச் (750, 520 இரண்டின் நடு) சுற்றியே கிடந்தால் உங்களிடம் இருப்பது கூட்டு இல்லை, சில இணைகள் கிடை–கிடை, சில நெடு–நெடு என்ற வெறும் கலவை. அப்போது வேறு வைத்தியம்.

டிடெக்டரைக் குறை சொல்லாதீர்கள். ஒரு கையில் மட்டும் பார்த்தால் எந்தத் திசையிலும் மாற்றம் இல்லாதது நல்ல அறிகுறி. கலப்பில்லாத நிலையில், ஒற்றை ஃபோட்டானின் தெளிவு வர்க்கமும் கன்கரன்ஸின் வர்க்கமும் கூடினால் 1. பின்னல் முழுமையானால் தனி ஃபோட்டானிடம் குறுக்கீடு துளியும் மிஞ்சாது. ஆனால் இதை மட்டும் சான்றாகக் காட்ட முடியாது; சாதாரண விளக்கு வெளிச்சமும் தளவிளைவாக்கியைச் சுற்றும்போது அசையாமல்தான் இருக்கும்.

மௌனவாசகி

பல நாள்களாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒரு கேள்வி. தளவிளைவே வேண்டாம், ஒளியிழையில் தளவிளைவு தடுமாறுகிறது என்பவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கும் குறுக்கீட்டால் அளக்க வழி உண்டா?

பழைய ஆய்வகவாசி

உண்டு, அம்மா. 1989இல் ஃப்ரான்சன் சொன்ன வழி. ஒவ்வொரு கையிலும் ஒரு குட்டைப் பாதை, ஒரு நெட்டைப் பாதை கொண்ட குறுக்கீட்டுமானி. பாதை வேறுபாடு ஒற்றை ஃபோட்டானின் ஓரியல் நீளத்தைவிடப் பெரியது. ஆகவே தனியாகப் பார்த்தால் குறுக்கீட்டுப் பட்டைகளே (எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம்) வராது. ஆனால் இணை எப்போது பிறந்தது என்று லேசருக்கே தெரியாது. அதன் ஓரியல் நீளம் இந்தப் பாதை வேறுபாட்டைவிட மிக நீளம். ஆகவே 'இரண்டும் குட்டையில் வந்தன', 'இரண்டும் நெட்டையில் வந்தன' என்ற இரண்டு வழிகளையும் பிரித்தறிய முடியாமல், உடனிகழ்வில் மட்டும் பட்டைகள் தோன்றும். 

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஆனாலும் ஒரு குறையை மறைக்கக் கூடாது: ஒன்று குட்டை, ஒன்று நெட்டை என்று வரும் பாதி இணைகளை நேரம் பார்த்துத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. 1999இல் ஏர்ட்ஸ், க்வியட், லார்சன், சுகோவ்ஸ்கி நால்வரும் இந்தத் தள்ளுபடியைப் பயன்படுத்திக்கொண்டு பின்னலே இல்லாத மாதிரியொன்று இதே பட்டைகளைக் காட்ட முடியும் என்று எழுதினார்கள். படிகம்810 இந்தப் பக்கம் இப்போது வர வேண்டாம். மலிவு டையோடு லேசரின் ஓரியல் நீளம் இதற்குப் போதாமல் போகலாம்.

படிகம்810

வரவில்லை, ஐயா. ஒரு சிக்கல் போதும்.

தகடு நட்டாயிற்று. கையால் திருகைத் தொட்டதும் எண்ணிக்கைத் திரையில் 635 நகர ஆரம்பித்தது. 700, 850, 1,000... மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன். 1,200இல் நின்றது, பிறகு இறங்கத் தொடங்கியது. உச்சத்தில் நிறுத்திவிட்டு ஒரு தளவிளைவாக்கியை மட்டும் செங்குத்தாகத் திருப்பினேன்: 70. தெளிவு 89 விழுக்காடு.

எண்ணிக்கைக்காரர்

0.97 + 0.89 − 1 = 0.86. கன்கரன்ஸ் குறைந்தது 0.86. முன்பு உங்கள் கட்டம் ஏறக்குறைய 78 பாகையில் உட்கார்ந்திருந்தது, 0.89ஐ 78 பாகையின் கொசைனால் பெருக்குங்கள், உங்கள் பழைய 0.18 வரும்.

இப்போது பெல் சோதனைக்கும் போகலாம். 1969இல் கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் தந்த சி.எச்.எஸ்.எச். வடிவம். ஒரு கையில் 0, 45 பாகை, மறுகையில் 22.5, 67.5. நான்கு கோண இணைகளின் தொடர்பு அளவுகளைக் குறியோடு சேர்த்த எஸ் என்ற கூட்டுத்தொகை 2ஐத் தாண்டினால் முன்பே எழுதி வைத்த விடைகளால் விளக்க முடியாது. குவாண்டம் அனுமதிக்கும் உச்சம் 2√2, அதாவது 2.83. உங்களுக்கு என்ன வரும் என்று அளக்காமலே சொல்கிறேன்: √2ஐ 0.97 + 0.89ஆல் பெருக்கினால் 2.63. பழைய 0.18ஐ வைத்துக்கொண்டு இதே கோணங்களில் அளந்திருந்தால் 1.63தான் வந்திருக்கும், பின்னல் இல்லை என்று முடிவு கட்டியிருப்பீர்கள். எஸ் 2க்குக் கீழே இருப்பதைப் பின்னல் இல்லாததற்குச் சான்றாக எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

படிகம்810

நான்கு கோண இணைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்ணிக்கை, ஆக 16 அளவீடு. எஸ் = 2.61, பிழை ±0.01. உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

தற்செயல் உடனிகழ்வுகளைக் கழித்துவிட்டால் இன்னும் கூடுமே, கழிக்கலாமா?

எண்ணிக்கைக்காரர்

கழித்தது, கழிக்காதது இரண்டையும் எழுதுங்கள்; பெல் சோதனைக்குக் கழிக்காத எண்ணை முன்னே வையுங்கள். தற்செயல் எவ்வளவு என்பது இரண்டு தனி எண்ணிக்கைகளையும் சாளரத்தையும் பெருக்கியது: 60,000 × 55,000 × 5 நானோநொடி, நொடிக்கு 16 அல்லது 17.

இந்த எண்ணை உங்கள் சிறுமங்களோடு ஒப்பிட்டால் ஒரு செய்தி இருக்கிறது. கிடை–நெடு திசையில் உங்கள் சிறுமம் 18. அதில் கிட்டத்தட்ட முழுவதும் தற்செயல். அந்தத் திசையில் திருத்த இனி ஒன்றுமில்லை. சாய்ந்த திசையில் சிறுமம் 70. தற்செயலைக் கழித்த பிறகும் 54 மிஞ்சுகிறது. அது உண்மையான நோய். தெளிவு 89இலிருந்து 91க்குத்தான் ஏறும்.

அரைஅலை

அந்த 54 எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க முடிகிறது. இந்த இரட்டைப் படிகத்தில் கட்டம், இணை வெளியேறும் கோணத்தைப் பொறுத்துச் சிறிது மாறும். டிடெக்டருக்கு முன்னால் ஒளி நுழையும் துளை அகலமாக இருந்தால் பல கட்டங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறீர்கள். துளையைச் சுருக்கிப் பாருங்கள்; எண்ணிக்கை குறையும், தெளிவு ஏறும். லேசர் பாதையில் ஈடுசெய் படிகம் ஒன்று வைப்பதும் வழக்கம். டையோடு லேசருக்கு அது பெரும்பாலும் தேவைப்படும்.

பழைய ஆய்வகவாசி

துளையை நாளை சுருக்கிக்கொள்ளலாம். தம்பி, கற்றைப் பிரிப்பியை எங்கே வைத்தீர்கள்? எடுத்து வாருங்கள். உங்கள் பள்ளத்தை இவர்கள் எல்லோரும் சேர்ந்து அடித்துத் துவைத்துவிட்டார்கள், நானும்தான். ஆனால் அந்தக் கருவிக்கு இன்னொரு முகம் உண்டு.

ஒரு கையில் 45 பாகை திருப்பிய நிலையில் ஓர் அரை அலைத் தகடு வையுங்கள். அந்தக் கையில் கிடை நெடுவாகும், நெடு கிடையாகும். நிலை இப்போது கிடை–நெடு, நெடு–கிடை என்ற இரண்டின் கூட்டு. நடுவே உள்ள குறி கூட்டலாக இருந்தால் பழையபடி பள்ளம். உங்கள் குவார்ட்ஸ் தகட்டைச் சாய்த்து அதைக் கழித்தலாக்கினால், இரண்டு ஃபோட்டான்களையும் இடம் மாற்றும்போது நிலையின் குறி மாறுகிறது. முன்பு அடித்துக்கொண்ட +½, −½ இரண்டும் அப்போது ஒன்றுசேரும். ஃபோட்டான்கள் ஒரே வாசலுக்குப் போக மறுத்து, எப்போதும் ஆளுக்கொரு வாசலாகப் பிரியும்.

பின்னல் இல்லாத நிலையால் இதைச் செய்ய முடியாது. கைக்கு ஒரு ஃபோட்டானாக வரும் பின்னலற்ற நிலை எதுவாயினும் உடனிகழ்வு பாதியைத் தாண்டாது, அதாவது உங்கள் 840ஐத் தாண்டாது. பள்ளத்தை யாரும் தோண்டலாம். மேடு எழுப்பப் பின்னல் வேண்டும்.

படிகம்810

ஐந்து நாள் ஆயிற்று. மன்னிக்கவும், பிரிப்பியை மறுபடி நேர்ப்படுத்துவதற்குள் முதுகு ஒடிந்துவிட்டது.

முதலில் ஒரு படிகத்தோடு மட்டும் ஓடவிட்டேன். ஒன்று கிடை, ஒன்று நெடு என்று வருவதால் பிரித்தறிய முடியும். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை, 840ஐ ஒட்டி நேர்கோடு. பிறகு லேசரை 45 பாகைக்குத் திருப்பினேன். கையின் நீளத்தை மாற்றும் நகர்மேடையைப் பள்ளம் விழுந்த இடத்தின் நடுவில் நிறுத்திக்கொண்டு குவார்ட்ஸ் தகட்டைச் சாய்த்தேன். உடனிகழ்வு 150க்கு அருகில் இறங்கியது, திரும்பியது, 840ஐக் கடந்தது. கடந்தபிறகும் ஏறியது. உச்சத்தில் தகட்டை நிறுத்திவிட்டு நகர்மேடையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்த்தினேன். முதலில் பள்ளம் விழுந்த அதே இடத்தில், ஏறக்குறைய அதே அகலத்தில், 1,520 உயரத்துக்கு ஒரு மேடு. அச்சடித்து வழிகாட்டியின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

எண்ணிக்கைக்காரர்

அருமை. ஆனால் முழு மேடு என்றால் 1,680 வர வேண்டும். நீங்கள் 840க்கு மேல் 81 விழுக்காடுதான் ஏறியிருக்கிறீர்கள். மீதி எங்கே?

அரைஅலை

மேட்டின் உயரம் இரண்டின் பெருக்கம்: நிலையின் ஓரியல், பிரிப்பியில் இரு கற்றைகளும் எவ்வளவு நன்றாக ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பது. முதலாவது 0.89. இரண்டாவதைத்தான் நண்பர் முதல் பதிவிலேயே அளந்துவிட்டாரே, அந்த 0.93! பெருக்கினால் 0.83. கிடைத்திருப்பது 0.81. அடித்த வரியை அகற்ற வேண்டாம்; 'பின்னலின் அளவு' என்பதை 'பொருந்துதலின் அளவு' என்று மாற்றி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கைக்காரர்

ஒப்புக்கொள்கிறேன். மிச்சம் 0.02 இருக்கிறது. புதிய அரை அலைத் தகடு 810க்கு ஏற்றதுதானா? பிரிப்பி இரண்டு தளவிளைவுகளையும் ஒரே விகிதத்தில் பிரிக்கிறதா? 45–55 ஆகப் பிரித்தாலே பள்ளத்தின் உச்சவரம்பு 98 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். கிடைக்கு ஒரு விகிதமும் நெடுவுக்கு வேறொன்றும் இருந்தால் மேட்டில் இன்னும் கொஞ்சம் போகும்.

படிகம்810

பெட்டியில் 50–50 என்றுதான் அச்சிட்டிருக்கிறது. எந்தத் தளவிளைவுக்கு என்று போடவில்லை. நாளை காலை இரண்டுக்கும் தனித்தனியாக அளந்து இங்கேயே எண்களைப் போடுகிறேன்.